தெளிப்பானைக் கழுவும் இடத்தில் தொடங்கும் பாடம்: நீரையும் மண்ணையும் காக்கும் பூச்சி மேலாண்மைப் பயிற்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உழவர்களுக்குப் பூச்சி மேலாண்மை சொல்லிக்கொடுக்கும் களப்பணியாளர்கள், முன்னோடி விவசாயிகள், வேளாண் மாணவர்கள் ஆகியோருக்காக எழுதிய பக்கம் இது. பயிற்சி நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்டவையும், பயிற்சிக்கு வந்த உழவர்கள் கேட்டவையும் கலந்தே இருக்கின்றன. வழக்கமான வகுப்பு பூச்சிப் படங்களில் ஆரம்பித்து மருந்துப் பட்டியலில் முடியும். இடையில் கிணறும் வாய்க்காலும் மண்ணும் காணாமல் போய்விடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இவ்வளவும்.

பயிற்சியை எதில் தொடங்குவது? பூச்சியை அடையாளம் காண்பதில்தானே?

நானும் பல வருடம் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது முதல் நாள் பூச்சியைப் பற்றிப் பேசுவதே இல்லை. தெளிப்பானில் மருந்து கலக்கும் இடத்துக்கும், வேலை முடிந்து அதைக் கழுவும் இடத்துக்கும் எல்லோரையும் கூட்டிப் போகிறேன். பெரும்பாலும் இரண்டும் ஒரே இடம். அநேகமாக அது தண்ணீர் இருக்கும் இடம்: கிணற்றடி, வாய்க்கால் ஓரம், போர்வெல் குழாயடி. தண்ணீர் தூக்கிச் சுமக்க யாருக்கும் மனம் வராது, அதனால் மருந்து தண்ணீரைத் தேடி வந்துவிடுகிறது.

வயலில் விழுகிற மருந்து பரந்த நிலத்தில் மெல்லிசாகப் பரவுகிறது. இலையில், மண்ணில், வெயிலில் ஓரளவு சிதைய அதற்கு நேரம் கிடைக்கிறது. கலக்கும் இடத்தில் சிந்துவதோ தண்ணீர் சேராத கெட்டி மருந்து. அதுவும் ஒரே இடத்தில், வாரா வாரம். அதனால் கிணற்றையும் ஓடையையும் கெடுப்பதில் அந்தப் பத்து நிமிட வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு கணக்கைச் சொல்லிப் பாருங்கள். குடிநீரில் ஏதேனும் ஒரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அந்த அளவுகோலை வைத்தால், ஒரே ஒரு கிராம் நஞ்சு ஒரு கோடி லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள வாய்க்கால் என்றால் 10 கிலோமீட்டர் நீளம். பாட்டில் மூடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை விரலால் தொட்டுக் காட்டாமல் (கையுறை இருந்தாலும் வேண்டாம்) கண்ணால் காட்டி இந்தக் கணக்கைச் சொன்னால், அடுத்த அரை மணி நேரத்துக்கு யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

கலக்கும் இடத்தில் என்னென்ன மாற்றச் சொல்ல வேண்டும்?

முதலில் குழாய். மோட்டாரில் இருந்து வரும் ஹோஸை டேங்குக்குள் முக்கி வைத்து நிரப்புவது பழக்கம். கரண்ட் போய் மோட்டார் நின்றால், குழாயில் இருக்கும் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். ஹோஸ் முனை மருந்துக் கரைசலில் மூழ்கியிருந்தால், கரைசலையும் சேர்த்துக் கிணற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். வகுப்பில் ஒரு மீட்டர் டியூபையும், உயரத்தில் ஒரு வாளியில் கலர் தண்ணீரையும், கீழே காலி வாளியையும் வைத்துக் காட்டுங்கள். டியூபின் ஒரு முனை கலர் தண்ணீரில் மூழ்கியிருக்கட்டும், கீழ் முனையில் ஒரு உறிஞ்சு. மேல் வாளி தானாகவே காலியாகும். பிறகு மேல் முனையைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்து அதையே செய்யுங்கள், காற்றுதான் வரும். டேங்க் வாய்க்கு ஒரு சாண் மேலே ஹோஸைப் பிடிப்பது என்ற இந்தப் பழக்கத்துக்குச் செலவு எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் முழுப் பயிற்சியிலும் விலைமதிப்புள்ள பாடம் இதுதான்.

இரண்டாவது, காலி பாட்டில். மூன்று முறை அலச வேண்டும், அலசிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். ஏன் மூன்று முறை என்று கேட்பார்கள். ஒரு லிட்டர் பாட்டிலின் சுவரிலும் அடியிலும் 10 மில்லி மருந்து ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறை கவிழ்த்த பிறகும் 10 மில்லி திரவம் ஒட்டி நிற்கும் என்றும் வைப்போம். கால் லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்தால் அதில் மிஞ்சும் மருந்து ஏறக்குறைய 0.4 மில்லி. இரண்டாம் முறை 0.015. மூன்றாம் முறை 0.0006. அதே முக்கால் லிட்டரை மொத்தமாக ஒரே தடவை ஊற்றி அலசினால் 0.13 மில்லி மிஞ்சும். செலவான தண்ணீர் ஒன்றுதான், வித்தியாசம் 200 மடங்குக்கு மேல். அலசிய பாட்டிலில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டால் எண்ணெய் ஊற்றி வைக்கவோ தண்ணீர் குடிக்கவோ எவரும் எடுக்க முடியாது.

மூன்றாவது, தெளிப்பானைக் கழுவிய நீர். தெளித்து முடித்த பயிரின் மேலேயே அதைத் தெளித்துத் தீர்ப்பது நல்லது. ஒரே இடத்தில் அடிக்கடி கலக்கிக் கழுவுகிறவர்களுக்கு ஸ்வீடனில் 1990களில் தொடங்கிய ஓர் ஏற்பாடு கைகொடுக்கும். ஒரு குழியில் இரண்டு பங்கு வைக்கோல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு பீட் என்ற சதுப்புநிலக் கரிமண் (கிடைக்காத இடத்தில் மக்கிய உரம்) கலந்து நிரப்பி, மேலே புல் வளர்த்துவிடுகிறார்கள். சிந்துவதும் கழுவியதும் அதன் மேல் விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வைக்கோலை மக்கச் செய்யும் பூஞ்சைகளின் நொதிகள் பல பூச்சிக்கொல்லிகளையும் சிதைக்கின்றன. நிலத்தடி நீர் மேலாக உள்ள இடத்தில் குழிக்கு அடியில் நீர் புகாத விரிப்பு கட்டாயம். வைக்கோல் வருடா வருடம் அமுங்கும், மேலே சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

வயலில் அடித்த மருந்து தண்ணீருக்கு எப்படிப் போகிறது?

மூன்று வழி: மேலே வழிந்தோடி, கீழே இறங்கி, காற்றில் பறந்து. எந்த மருந்து எந்த வழியில் போகும் என்பது அதன் குணத்தைப் பொறுத்தது, அதைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சில மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரையும், மண்ணை இறுகப் பிடிக்காது. பாசன நீரோடும் மழையோடும் கீழே இறங்கி நிலத்தடி நீரைத் தொடும். களைக்கொல்லியான அட்ரசின் இதற்குப் பேர்போன உதாரணம். இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளும் நீரில் கரைந்து நகரக்கூடியவை. வேறு சில மண் துகளை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் அப்படிப்பட்டவை. கிணற்றுக்கு இறங்காது என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். கனமழையில் மேல்மண் அரித்து ஓடும்போது மண்ணோடு மண்ணாக ஓடைக்குப் போய்ச் சேரும். மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் பைரித்ராய்டு மிகக் குறைந்த அளவிலேயே எமன்.

ஆக மணல் நிலமும் மேலான நீர்மட்டமும் உள்ளவருக்கு முதல் வகை ஆபத்து. சரிவு நிலமும் பக்கத்தில் குளமும் உள்ளவருக்கு இரண்டாம் வகை. எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் பாதிப் பேருக்கு அது பொருந்தாது.

இதைக் காட்ட இரண்டு பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களைப் படுக்க வைத்து மேல்பக்கத்தை வெட்டிவிடுங்கள். இரண்டிலும் ஒரே மண். ஒன்றில் வெறும் மண், மற்றதில் மேலே காய்ந்த இலைதழை மூடாக்கு. கழுத்துப் பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும், கழுத்துக்குக் கீழே ஒரு கண்ணாடி டம்ளர். பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு டம்ளரில் செம்மண் குழம்பு, இன்னொன்றில் கிட்டத்தட்ட தெளிந்த நீர். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

காற்றில் பறப்பதை எப்படிக் காட்டுவது? கண்ணுக்கே தெரியாதே.

சாயம் போட்டால் தெரியும். தெளிப்பானில் மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரில் உணவுக்குப் பயன்படும் சிவப்புச் சாயத்தைக் கலந்து, வழக்கமாக அடிக்கும் ஒருவரை வழக்கம்போல அடிக்கச் சொல்லுங்கள். தெளிப்பான் புதிதாக இருக்க வேண்டும், மருந்து பட்டதாக இருக்கக் கூடாது. அவருக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி அல்லது பேன்ட். காற்று வீசும் திசையில் 2, 5, 10 மீட்டர் தூரத்தில் வெள்ளைக் காகிதங்களைக் குச்சியில் கட்டி நிறுத்துங்கள். வாய்க்கால் இருந்தால் அதன் கரையிலும் ஒன்று.

இரண்டு டேங்க் முடிந்ததும் அவரை நடுவில் நிறுத்துங்கள். தொடையிலும் முழங்காலிலும் சிவப்பு. டேங்க் மூடி சரியாகப் பொருந்தாததால் முதுகில் ஒரு நீளக் கோடு. நாசில் (தெளிப்பு முனை) அடைத்தபோது கையால் தட்டியதால் உள்ளங்கை முழுக்க. வியர்வையைத் துடைத்த நெற்றியிலும் ஒரு தீற்றல். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், காகிதங்களை எடுத்து வரும்போது சிரிப்பு அடங்கிவிடும். வாய்க்கால் கரைத் தாளிலும் புள்ளிகள் இருக்கும்.

அப்போது துளியின் கணக்கைச் சொல்லலாம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 3 மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி தரையைத் தொட ஏறக்குறைய 10 வினாடி. 20 மைக்ரான் துளிக்கு 4 நிமிடம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினால்கூட முதலாவது ஏறக்குறைய 14 மீட்டர் நகரும், இரண்டாவது 300 மீட்டர் தாண்டும். தேய்ந்த நாசிலும் தேவையில்லாத அழுத்தமும் மருந்தைத் துல்லியமாகப் போக விடுவதில்லை. பனிப்புகை போல அடித்தால்தான் நன்றாகப் படும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு வகுப்பு உடைத்துவிடும்.

காற்றே இல்லாத விடியற்காலை பாதுகாப்பு என்றும் நினைக்கக் கூடாது. தரையோரம் குளிர்ந்த காற்று தேங்கி, மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும் நேரத்தில் நுண்துளிகள் கீழே இறங்காமலும் மேலே கலையாமலும் மிதந்துகொண்டே இருக்கும். எங்கேனும் புகை எழுந்தால் கவனியுங்கள். மேலே போகாமல் படுக்கையாகப் பரவினால் அன்றைய தெளிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

மண்ணுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடிகிறதா?

சொல்லி முடியாது, தோண்டித்தான் காட்ட வேண்டும். அடிக்கடி மருந்து விழும் வயலிலும், வரப்போரத்திலோ மரத்தடியிலோ மருந்து படாத மண்ணிலும் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டி மண்புழுக்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவது உழவர்கள், நீங்கள் ஓரமாக நில்லுங்கள். வித்தியாசத்துக்கு மருந்து மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். உழவு, ஈரம், தொழுஉரம் எல்லாமே சேர்ந்து முடிவு செய்வது அது. மிகைப்படுத்திச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டால் அடுத்த வாரம் பேச்சு எடுபடாது.

இன்னொன்று பருத்தித் துணிச் சோதனை. ஒரே அளவில் வெட்டிய வெள்ளைப் பருத்தித் துணிகளை வெவ்வேறு வயல்களில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இடத்தை அடையாளம் வைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். உயிருள்ள மண் துணியைத் தின்று சல்லடையாக்கியிருக்கும். சோர்ந்த மண்ணில் துணி துவைத்து மடிக்கலாம் போல இருக்கும். பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம், எந்த மண்ணும் அதைத் தின்னாது.

விதைநேர்த்தி பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. நியோநிகோட்டினாய்டு பூசிய விதையிலிருந்து பயிர் உறிஞ்சிக்கொள்வது சிறு பங்குதான், பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிப்போகிறது. பூச்சி வருமா வராதா என்று தெரிவதற்கு முன்பே போடும் மருந்து அது என்பதையும் உழவர்கள் யோசிக்கட்டும்.

இயற்கை மருந்து அடித்தால் நீருக்கும் மண்ணுக்கும் கெடுதல் இல்லைதானே?

பொதுவாக அப்படிச் சொல்லிவிட முடியாது. போர்டோ கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த இந்த மயில்துத்தம் (செம்பு உப்பு)–சுண்ணாம்புக் கலவை இன்றும் இயற்கை வேளாண்மையில் பல இடங்களில் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் செம்பு ஒரு தனிமம். சிதைந்து வேறொன்றாக மாறிப் போக அதற்கு வழியே இல்லை. பழைய திராட்சைத் தோட்டங்களின் மேல்மண்ணில் தலைமுறை தலைமுறையாக அது சேர்ந்து கிடக்கிறது, மண்புழுவுக்கும் ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. டெரிஸ் வேரில் கிடைக்கும் ரோட்டினோன் செடியிலிருந்துதான் வருகிறது, மீன் பிடிக்கக் காலங்காலமாகப் பயன்பட்ட நஞ்சு அது. புகையிலைக் கஷாயத்தில் இருக்கும் நிகோட்டின் அடிப்பவரையே மயக்கம் போட வைக்கும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் இந்த வரிசையில் சாது. அதன் முக்கியப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் மாலையில் தெளிப்பது நல்லது. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரிய மருந்துக்கும் இதே விதி. இளம்புழு பருவத்தில் அடிக்காவிட்டால் இரண்டும் ஏமாற்றும். அப்புறம் வேம்பு வேலை செய்யவில்லை என்ற பேச்சுதான் மிஞ்சும்.

பூச்சி கண்ணில் பட்ட பிறகும் அடிக்காதே என்றால் யார் கேட்பார்கள்?

வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஒரு வருட உழைப்பு வயலில் நிற்கிறது, இழப்பு அவருடையது. அறிவுரை சொல்கிறவருக்குச் சம்பளம் எப்படியும் வந்துவிடும். இந்த உண்மையை மனதில் வைத்துக்கொண்டு பேசினால்தான் பேச்சில் பணிவு வரும்.

பொருளாதாரச் சேதநிலை என்ற கருத்தை வெர்னன் ஸ்டெர்ன் உள்ளிட்ட நான்கு கலிபோர்னியப் பூச்சியியலாளர்கள் 1959-இல் தெளிவாக வரையறுத்தார்கள். வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, கணக்கைச் சொன்னால் போதும். ஒரு தடவை அடிக்க மருந்தும் கூலியும் சேர்ந்து 40 கிலோ விளைச்சலின் மதிப்பு என்று வையுங்கள். இப்போது வயலில் இருக்கும் பூச்சி தின்று தீர்க்கப்போவது 15 கிலோ என்றால், அடிப்பவருக்கு 25 கிலோ நட்டம். பூச்சி பெருகிச் சேதம் 40 கிலோவை எட்டும் என்று தெரிகிற நேரம்தான் முடிவெடுக்கும் நேரம். அட்டவணையில் உள்ள எண்ணிக்கையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இந்தத் தராசைப் புரியவைப்பது மேல். விலை ஏறி இறங்கும்போது அட்டவணை பொய்யாகும், தராசு பொய்யாகாது.

பயம் தெளிய இரண்டு சோதனைகள் உண்டு. நெல்லில், நட்ட மூன்று நான்கு வாரத்தில், சில சதுர மீட்டரில் கத்தரிக்கோலால் இலைப்பரப்பில் கால் பங்கை வெட்டிவிட வேண்டும். இலைச்சுருட்டுப்புழு தின்றது போல. பக்கத்தில் வெட்டாத பகுதி. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். பயிர் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிவிடுவதால் பெரும்பாலும் சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது. கத்தரிக்கோலை உழவர் கையிலேயே கொடுங்கள். முதல் வெட்டுக்கு அவர் தயங்குவதைப் பார்க்கும்போதுதான், அவரைத் தெளிக்க வைப்பது எது என்று உங்களுக்கும் புரியும்.

மற்றது டம்ளர் சோதனை. வலைத்துணி கட்டிய பிளாஸ்டிக் டம்ளரில் ஓர் இளம் நெல் தூர், பத்து தத்துப்பூச்சி, ஒரு ஓநாய்ச் சிலந்தி. இன்னொன்றில் சிலந்தி இல்லாமல் அதே பத்து. மறுநாள் காலை எண்ணுங்கள்.

வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1990களில் உழவர்களிடம் ஒரே ஒரு விதியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள்: விதைத்த முதல் 40 நாளில் இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள், வயலின் ஒரு பகுதியில் மட்டும் முயன்று பாருங்கள். வானொலி நாடகம், சுவரொட்டி என்று அதைப் பரப்பினார்கள். பூச்சிக்கொல்லி தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரே விதி என்பதும், சோதித்துப் பார் என்று விட்டதும்தான் அதன் சூட்சுமம்.

வயல்வெளிப் பள்ளி என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

அது பிறந்த கதையே ஒரு பாடம். 1970களில் இந்தோனேசிய நெல் வயல்களைச் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையான் சூறையாடியது. மருந்து போதாது என்று மேலும் மேலும் அடித்தார்கள், அரசே மானியம் கொடுத்தது. புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் செத்தன. இலைத்தாளுக்குள் முட்டையாகப் பத்திரமாக இருந்த புகையான் பொரித்து வெளியே வந்தபோது எதிரியே இல்லை. 1986-இல் அதிபர் ஆணை ஒன்று நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டது, அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் போனது. 1989-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இன்று 90 நாடுகளுக்கு மேல் அந்த முறை பரவியிருக்கிறது.

ஏறக்குறைய 25 பேர், வாரம் ஒரு நாள் காலை, விதைப்பிலிருந்து அறுவடை வரை. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலுக்குள் இறங்கிச் சில தூர்களை அடியிலிருந்து நுனி வரை பார்ப்பார்கள். பிறகு நிழலில் உட்கார்ந்து பெரிய தாளில் படம் வரைவார்கள். நடுவில் பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, எதிர்ப்பக்கம் நன்மை செய்யும் பூச்சி, மேலே வெயிலா மேகமா, கீழே தண்ணீர் எவ்வளவு. இந்த வாரம் என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு குழுவும் சொல்லும், மற்றவர்கள் மடக்குவார்கள். நடத்துகிறவர் விடை சொல்லக் கூடாது. இந்தப் பூச்சி என்ன என்று கேட்டால், எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். படித்தவர்களுக்கு இது மிகவும் கஷ்டம், நாக்கு துடிக்கும்.

அந்தப் படத்தில் நான் கூடுதலாக இரண்டு இடம் ஒதுக்கச் சொல்கிறேன். வலது மூலையில் பக்கத்து நீர்நிலை, கீழே மண்ணுக்குள் என்ன பார்த்தோம் என்பது. மருந்து அடிக்கத் தீர்மானித்த குழு, அந்த மருந்து போகும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். அம்புக்குறி கிணற்றில் போய் முட்டும்போது தீர்மானம் சில சமயம் மாறுகிறது.

போன வருடம் கேட்ட மருந்து இந்த வருடம் கேட்கவில்லை. வேறு பெயரில் வாங்கி அடிக்கலாமா?

பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே குடும்பமாக இருக்கலாம். பூச்சிக்கொல்லிகளை அவை செயல்படும் விதத்தை வைத்து எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள்: ஆர்கனோபாஸ்பேட்டுகள் 1பி, பைரித்ராய்டுகள் 3ஏ, நியோநிகோட்டினாய்டுகள் 4ஏ. பல நாடுகளில் லேபிளிலேயே அந்த எண் இருக்கும். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிப் பிழைத்த பூச்சிகளின் வம்சம்தான் வயலில் நிற்கும். அளவைக் கூட்டுவதும் நான்கு மருந்தை ஒன்றாகக் கலப்பதும் பூச்சியைவிட வாய்க்காலைத்தான் அதிகம் அடிக்கும்.

நன்மை செய்யும் பூச்சிகளை வாங்கி விட்டால் போதாதா?

சில இடத்தில் அருமையாக வேலை செய்யும். தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குத் தப்பிவந்து மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சியை, அதன் பூர்விகத்திலிருந்தே தேடிக் கொண்டுவந்த அனகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது. அந்தப் பணிக்காக சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி ஒட்டிய காகித அட்டைகளும் காய்ப்புழு, தண்டுத்துளைப்பான் முட்டைகளுக்குப் பல பயிரில் பயன்படுகின்றன. ஆனால் அட்டையைக் கட்டிய மறுநாள் பக்கத்து வயலில் மருந்து அடித்தால் அவ்வளவுதான். வாங்கி விடுவதற்கு முன்னால், ஏற்கெனவே இருக்கும் பொறிவண்டையும் சிலந்தியையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் கொல்லாமல் இருப்பது மலிவு.

வரப்பையும் ஓடைக்கரையையும் சுத்தமாக வைக்கக் கூடாதா?

ஓடைக்கரையில் அடர்ந்த புல் பட்டை இருந்தால் வழிந்தோடும் நீரின் வேகம் குறையும், மண் துகள் அங்கேயே படியும், அதோடு ஒட்டிய மருந்தும் தங்கும். ஓரிடத்தில் தண்ணீர் குவிந்து அரித்து வாய்க்கால் விழுந்துவிட்டால் மட்டும் புல் பட்டை இருந்தும் வீண், மழைக்குப் பின் நடந்து பார்க்க வேண்டும். வரப்பில் பூக்கும் செடிகள் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கொடுக்கும்.

கென்யாவில் சர்வதேசப் பூச்சி ஆய்வு மையமான இசிபே உருவாக்கிய தள்ளு–இழு முறை இன்னும் ஒரு படி மேலே. மக்காச்சோளத்துக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச்செடி, சுற்றிலும் நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியைத் தள்ளும், நேப்பியர் இழுக்கும். டெஸ்மோடியம் மண்ணை மூடிக் காக்கிறது, தழைச்சத்தும் சேர்க்கிறது, ஸ்ட்ரைகா என்ற வேர் ஒட்டுண்ணிக் களையையும் அடக்குகிறது. இரண்டுமே மாட்டுக்குத் தீவனம் என்பதால் உழவர்கள் விட மனமில்லாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

‘மருந்து’ என்று சொல்லாமல் ‘நஞ்சு’ என்றே சொல்லிப் பழக்க வேண்டுமா?

நானும் சில காலம் திருத்திப் பார்த்தேன். வகுப்பு முழுக்கச் சொல்லைத் திருத்துவதிலேயே போனது. இப்போது அவர்கள் பேச்சிலேயே பேசுகிறேன், இந்தப் பக்கத்திலும் அப்படித்தான். சாயச் சோதனை முடிந்த பிறகு அவர்களே சொல்லை மாற்றிக்கொள்கிறார்களா என்று மட்டும் கவனிக்கிறேன்.

பயிற்சிக்கு யாரை அழைப்பது?

நிலத்துக்காரர் வருவார். தெளிப்பது பெரும்பாலும் கூலியாள். அந்த உடுப்பைத் துவைப்பது வீட்டுப் பெண், அதுவும் வாய்க்காலில், மற்ற துணிகளோடு சேர்த்து. முடிவெடுப்பவர், அடிப்பவர், துவைப்பவர் மூவரும் இல்லாத வகுப்பில் பாதி வழி அடைபட்டே இருக்கும். கூலியாளுக்கு அரை நாள் கூலி போகும் என்றால் அதை ஈடுகட்ட ஏற்பாடு செய்யுங்கள். மருந்துக் கடைக்காரரையும் கூப்பிடுங்கள். உழவர் உங்களைப் பருவத்துக்குச் சில முறை பார்க்கிறார், கடைக்காரரை வாரா வாரம் பார்க்கிறார்.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா?

ஒரு முறை எடுத்த தண்ணீர் மாதிரி அதிகம் சொல்லாது. மழை பெய்து முதல் வெள்ளம் ஓடிய அன்று எடுத்தால் ஒரு கணக்கு, பத்து நாள் கழித்து எடுத்தால் வேறு கணக்கு. பரிசோதனைச் செலவும் அதிகம். அதைவிட எளிய அடையாளங்களைப் பாருங்கள். பருவத்துக்கு எத்தனை முறை அடித்தார், எந்த மருந்து, எதைப் பார்த்து அடித்தார் என்று ஒரு நோட்டில் இருக்கிறதா? கலக்கும் இடம் கிணற்றை விட்டு நகர்ந்ததா? வாய்க்கால் ஓரம் காலி பாட்டில் எத்தனை கிடக்கிறது? ஒரு தூருக்கு எத்தனை சிலந்தி?

ஓடை இருந்தால் ஒரு வலைக்கரண்டியும் வெள்ளைத் தட்டும் போதும். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பதைத் தட்டில் அலசுங்கள். பெரும்பாலும் வாலில் மூன்று நூலோடு நெளியும் மே ஈயின் இளம்பூச்சி பூச்சிக்கொல்லியைத் தாங்காது. வயல்களுக்கு மேலே உள்ள ஓடைப் பகுதியில் அது இருந்து, கீழே இல்லாமல் போனால் இடையில் என்ன நடக்கிறது என்று தேட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை இந்த வேலையில் சேர்த்துக்கொண்டால் பருவம் தவறாமல் எண்ணிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தெளிப்பு நடந்து சில நாள் கழித்தே அவர்களைத் தண்ணீரில் இறக்குங்கள்.